யானை வயிற்றில் மோதிரம்

மே மாதம் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் ஒரு துணி யானை இயந்திரத்துக்குள் போயிற்று, வெளியே வரவில்லை.

யானையின் சொந்தக்காரனுக்கு இரண்டு வயது. அவன் எழுப்பிய ஓலத்தில், பக்கத்து வரிசையில் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இது யாரோடது?" என்று கேட்டார் சோதனை செய்யும் பெண் அதிகாரி.

"என் பையனோடது மேடம்."

"வயித்துல வளையம் மாதிரி ஏதோ தெரியுது. என்ன அது?"

அப்பாக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குனிந்தார். "மோதிரம்" என்றார், உதடு அசையாமல்.

"காதுல விழல."

"கல்யாண மோதிரம். உள்ள வச்சுத் தைச்சிருக்கு."

"யானை வயித்துல கல்யாண மோதிரமா?" அதிகாரிக்கு வெண்கலக் குரல். வரிசையின் கடைசி ஆள்வரை செய்தி போய்ச் சேர்ந்தது. "கொஞ்சம் பெருசா தெரியுதே."

"மாப்பிள்ளை வாட்டசாட்டமான ஆளு மேடம்."

ரயில்வேயில் தொலைந்த பொருள் பிரிவுக்கு இந்த அப்பாதான் பொறுப்பாளர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது, தொனி மட்டும் கொஞ்சம் வேறு. தொழிலில் கண்ட உண்மை ஒன்றை வாரம் ஒருமுறையாவது சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிடுவார். "குடை வரும், டிபன் பாக்ஸ் வரும், பல்செட்டுகூட வரும். நகைப்பெட்டி வந்து நான் பாத்ததே இல்ல. மதிப்பு தெரிஞ்ச பொருளை எவனும் தொலைக்க மாட்டான்."

யானைக்கு முன்னால் சின்னவனிடம் ஒரு முயல் இருந்தது, பேருந்தில் போயிற்று. பிறகு ஒரு கரடி. பல் டாக்டரிடமே தங்கிவிட்டது. இரண்டு முறையும் அவன் தூங்கவில்லை. வீடும் தூங்கவில்லை. மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்து, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்துவிட்டுப் போனார். முயலையும் கரடியையும் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் பொறுப்பாளர்தான்.

இப்போது மைத்துனிக்குக் கல்யாணம். வேலைகளைக் கவனிக்க மனைவி முன்னதாகவே விமானம் ஏறிவிட்டாள். கிளம்பும்போது யானையை அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

"மாப்பிள்ளைக்குப் போடற மோதிரம் இது வயித்துல இருக்கு. கல்யாண வீட்ல என் பையை ஊரே திறக்கும். யானைக்குள்ள இருக்கும்னு யாருக்குத் தோணும்? ஒரு சாமானைக் காக்கறதுல உங்கள விட்டா ஆளு ஏது?"

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பொறுப்பாளர் யானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அதிகாரி யானையை ஒருமுறை அமுக்கினார். "பிரிச்சுப் பாக்கணுமே."

"பிரிச்சா இவன் முழுங்கிடுவான் மேடம். போன வாரம்தான் ஒரு சட்டைப் பொத்தான் போச்சு."

அதிகாரி சின்னவனைப் பார்த்தார். அவன் திரும்பவும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். "எடுத்துட்டுப் போங்க. கல்யாணம் நல்லா நடக்கட்டும்."

யானை திரும்பி வந்தது. ஆனால் மோதிரம் இருக்கும் இடம் இப்போது ஊருக்கே தெரியும். பொறுப்பாளர் யானையைத் தன் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். தும்பிக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும், அப்பா யானையைத் தின்றுவிட்டார் என்று சின்னவன் முடிவுசெய்துவிட்டான்.

அந்த அழுகையை அடக்க யானையை அவனிடமே கொடுக்கவேண்டி வந்தது. முன்னெச்சரிக்கையாக வலது காலணியின் கயிற்றை உருவி, ஒரு முனையை யானையின் காலிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டார்.

"அப்பா, ஷூ செருப்பு மாதிரி அடிக்குது" என்றாள் பெரியவள். அவளுக்கு ஆறு வயது.

"அடிக்கட்டும். யானை இருக்குல்ல?"

"இருக்கு" என்று அவள் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கழிவறையில் சின்னவன் யானையைக் குளிப்பாட்டினான். கை நீட்டினால் தானாகக் கொட்டும் குழாய். யானையை நீட்டினாலும் கொட்டியது. சொட்டச் சொட்ட நின்றதைப் பொறுப்பாளர் கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே பிடித்தார். அது போட்ட சத்தத்தில் சின்னவன் பயந்து வெளியே ஓடினான். பொறுப்பாளர் துரத்தினார். கயிறில்லாத காலணி வழியிலேயே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடைசி அழைப்பும் கொடுத்தார்கள்.

"அப்பா, துணிப்பை? கல்யாணத் துணி எல்லாம் அதுலதானே?"

"எங்க வச்சேன்?"

"பாத்ரூம் உள்ள, கொக்கியில."

"யானை இருக்குல்ல? ஓடு."

ஒரு கையில் மகன், மறு கையில் மகள், மணிக்கட்டில் யானை, ஒற்றைக் காலணி. அந்தக் கோலத்தில் அவர் ஓடிய ஓட்டத்தை, வழிவிட்டு நின்றவர்கள் சிரிக்காமல்தான் பார்த்தார்கள். மூச்சு வாங்கியதே தவிர, பிடி தளரவில்லை. வாசலை மூடப்போன ஊழியர் தன்னையறியாமல் கதவை அகலத் திறந்துவிட்டார்.

விமானத்தில் சீட் பெல்ட் போடுவதற்காகக் கயிற்றை அவிழ்த்தார். அவ்வளவுதான். சின்னவன் யானையை வீசினான். அது மூன்று வரிசை தாண்டிப் போய் விழுந்தது.

"சார், உட்காருங்க. விமானம் நகருது" என்றாள் பணிப்பெண்.

"அந்த யானை..."

"இறங்கும்போது எடுத்துக்கலாம் சார்."

சோதனை வரிசையில் இவருக்குப் பின்னால் நின்றவர் எங்கோ முன்னால் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, அதுல மாப்பிள்ளை மோதிரம் இருக்கு. யாரும் மிதிச்சிடாதீங்க, பாத்துக் குடுங்க" என்று குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு விமானமே அந்தக் கல்யாணத்தைப் பொறுப்பெடுத்துக்கொண்டது. ஈர யானையைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் இரு கைகளாலும் வாங்கி, பின்னால் கொடுத்தார்கள். கடைசியாக அது பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் வந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"தையல் விட்டிருக்கு. இன்னும் ஒரு தடவை வீசினா மோதிரம் கீழதான். ஊசி நூல் இருக்கு, போட்டுடவா?"

"நீங்க...?"

"நர்ஸ். தையல் போடறதுதான் எனக்குப் பொழைப்பே."

பொறுப்பாளர் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒருமுறைதான் எடுத்தார்: சின்னவன் ஆரஞ்சுச் சாற்றை அவர் சட்டையில் கவிழ்த்தபோது.

"முடிஞ்சுது" என்றார் நர்ஸ். "பேஷன்ட் நல்லா இருக்காரு."

கல்யாண மண்டபத்தின் வாசலில் மனைவி நின்றிருந்தாள். கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்: ஆரஞ்சு நிறச் சட்டை, ஒரு காலில் காலணி, ஒரு காலில் சாக்ஸ். துணிப்பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யானை?"

நீட்டினார். அவள் அதை வாங்கிச் சின்னவன் கையில் திணித்தாள். அவன் நாற்காலியில் சுருண்டான்; உடனே தூங்கிப்போனான்.

"மோதிரத்தை எடுக்க வேணாமா?"

"எழுப்பிடாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று மணப்பெண் அறைக்குப் போய்விட்டாள்.

அவள் வரவில்லை. விருந்தினர்கள் உட்காரத் தொடங்கினார்கள். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள் என்று பொறுப்பாளருக்குப் பட்டது. இவ்வளவு தூரம் காப்பாற்றிக் கொண்டுவந்துவிட்டு, கடைசி நிமிடத்தில் கோட்டைவிடுவதா? மேடை அலங்காரம் செய்தவரிடம் கத்தரிக்கோல் வாங்கினார். சின்னவன் கையிலிருந்து யானையை மெல்ல உருவி, நர்ஸ் போட்ட தையலை வெட்டி, பஞ்சுக்குள் விரலை விட்டார்.

வெளியே வந்தது ஒரு பித்தளை வளையம். மாப்பிள்ளை எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும், அது அவருடைய கட்டைவிரலில்கூட நிற்காது.

பொறுப்பாளர் பஞ்சை முழுவதும் கிளறிப் பார்த்தார், வேறு எதுவும் இல்லை. ஆரஞ்சுச் சாறு. ஒரே ஒரு நொடி. என்ன இனிமையாகப் பேசினாள் அந்த நர்ஸ். விமான நிறுவனத்தைக் கூப்பிடுவதா, போலீஸையா? மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? மைத்துனியிடம் என்ன சொல்வது?

இசை தொடங்கியது. மணப்பெண் உள்ளே வந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை கையை நீட்டினார். பொறுப்பாளர் வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற மனைவி, தன் விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தாள்.

கேக் தின்றுகொண்டிருந்த பெரியவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கப்பா. அது நம்ம ஜன்னல் திரையோட வளையம், நான்தான் கழட்டிக் குடுத்தேன். மதிப்பு தெரிஞ்சாதான் நீங்க யானையைத் தொலைக்க மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

கல்யாணம் நடந்தது. வயிறு கிழிந்த யானையைக் கட்டிக்கொண்டு சின்னவன் கடைசிவரை தூங்கினான். துணிப்பையும் வலது காலணியும் விமான நிலையத்துத் தொலைந்த பொருள் பிரிவில் இருக்கின்றன.