பெருமாள்சாமி சாரின் ஒன்றாம் எண்

ஜோகுபாளையம்

அன்புள்ள வெங்கி மாமாவுக்கு ஸ்னேஹா வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முதுகைத் தவிர இங்கு யாவும் நலம். நீங்கள் எங்கள் தெருப் படிப்பகத்துக்குத் தந்த ஐந்து கணினிகளும் ஏன் இணையம் வழியே வெளியுலகத்தை எட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கணினிகள் தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொண்டன, வெளியே மட்டும் போகவில்லை. நிக்கோல் அக்காவின் நர்சிங் விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள், அது கைபேசியில் திறக்காது, ஆகவே அவள் நகம் கடித்தாள், நான் கம்பிகளைப் பின்தொடர்ந்தேன். ஜன்னல் வழியாக வெளியே போகும் கம்பி, யாரும் உட்காராத கதவோரக் கணினியில் மட்டும்தான் இருந்தது. அதன் எண் ஐந்து. தெரியாத முகவரி வந்தால் கணினி யோசிப்பதில்லை மாமா, சொல்லிவைத்த ஓர் எண்ணுள்ள கணினியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது, இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் சொல்லிவைத்திருந்தது ஒன்றாம் எண், அது படிப்பகத் தலைவர் பெருமாள்சாமி சாரின் கணினி. தலைவருக்கு வேறு எந்த எண்ணைக் கொடுப்பார்கள்?

கணினிகளைப் பொருத்தித் தந்த நரேஷ் அண்ணா தலையைச் சொறிந்தார். “சார், எல்லாம் உங்ககிட்ட வந்து முட்டிக்கிட்டு நிக்குது. உங்களுக்கு வெளிய வழி இல்ல. அஞ்சுகிட்ட போகச் சொல்லிடலாமா?”

“என்னைத் தாண்டி அஞ்சுகிட்டயா? கமிட்டியில என்னப்பா சொல்லுவாங்க?”

“அப்ப நீங்களே கதவுகிட்ட வந்து உக்காந்துடுங்க சார்,” என்றேன். “அந்தக் கம்ப்யூட்டருக்கே ஒண்ணாம் நம்பர் குடுத்துடலாம். எல்லாரும் உங்க வழியாத்தான் போகணும்.”

சார் நாற்காலியைத் தாமே இழுத்துக்கொண்டு வந்தார். அண்ணா எண்களை மாற்றினார். வெளியுலகம் வந்துவிட்டது மாமா. நிக்கோல் அக்கா இப்போது கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். அத்தைக்கு என் அன்பு. அத்திபெலே வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்னேஹா

பின்குறிப்பு: மேலே எழுதிய வெற்றியை அடித்துவிடுங்கள். ஆறு மணியானதும் சார் தம் கணினியை அணைத்துவிட்டார்.

“சார், நான் இன்னும் அனுப்பவே இல்ல,” என்றாள் நிக்கோல் அக்கா.

“நான் என்னுதத்தானேம்மா ஆஃப் பண்ணேன்? உன்னுது எரியுதே.”

நரேஷ் அண்ணா விளக்கியதும் சார் அதை மறுபடி போட்டார், பிறகு சுவரில் ஒட்டியிருந்த கமிட்டி விதியைப் படித்தார். “ஆறு மணிக்கு லைட்டு அணைக்கணும்னுதான் இருக்கு. கம்ப்யூட்டரப் பத்தி ஒண்ணும் இல்ல. நீ எழுதும்மா.” நிரப்பியதெல்லாம் அழிந்துபோனதால் அவள் திரை வெளிச்சத்தில் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறாள். விளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன.