சொட்டு ஓட்டிய லோரியும் நான் வாங்கிய கயிறும்

தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் ஆடு வளர்த்தேன். ஆட்டை விற்று கோலகுபுவில் டயர் ஒட்டும் கடை போட்டேன். அந்தக் கடையை வைத்து லோரி வாங்கினேன். எந்த பேங்கிலும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. எதற்கும் அசையாத என்னை எண்பதுகளில் தூங்கவிடாமல் அடித்தவன் ஒருவன்தான்: என் டிரைவர் சொட்டு. டீசலைக் கண்ணில் காட்டாமலே லோரி ஓட்டத் தெரிந்த இன்னொரு மனிதன் சிலாங்கூரில் பிறக்கவே இல்லை.

டேங்க் நிரம்பிய பிறகும் எண்ணெய் நிலையத்துக் குழாயை விடமாட்டான். ஆட்டு மடியைப் பிழிவதுபோல் உதறிக்கொண்டே நிற்பான். பின்னால் ஹாரன் அலறும். "இரு லா, இன்னும் ஒரு சொட்டு இருக்கு!" என்பான். பெயர் அப்படி வந்ததுதான்.

பாரம் குறைந்தால் டீசல் குறையுமாம். சீட்டு மெத்தையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்து ஓட்டினான். ஒரு நாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். ஏதோ வேண்டுதல் என்று என் சம்சாரம் திருநீறு எடுத்து வந்தாள்.

"அதெல்லாம் இல்லக்கா. முடியும் பாரந்தானே?"

கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றி, கோலசிலாங்கூர் பக்கத்து எண்ணெய் ஆலையில் கொட்டிவிட்டு, காலி லோரியாகத் திரும்ப வேண்டும். அந்த ஒரு கண்டிராக்டை நம்பித்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது.

டேங்கில் டீசல் மிஞ்சிக்கொண்டே வந்தது. குறைந்தால் திருடன் என்று பிடித்துவிடலாம். மிஞ்சினால் யாரைப் பிடிப்பது? மண்ணெண்ணெய் கலக்கிறானா என்று விரலில் தொட்டு நக்கியும் பார்த்துவிட்டேன். டீசல்தான். வழியில் குலையை விற்கிறானா என்று பார்த்தால் ஆலையில் எடை சரி. இதற்கு நடுவில், "நல்ல மொத்தக் கயிறா ஒன்னு வாங்கிக் குடுங்க மொதலாளி" என்று வேறு கேட்டான். குலைக்கு எதற்குக் கயிறு? கேட்டால் சிரித்தான். சந்தேகத்தோடேயே வாங்கிக் கொடுத்தேன். வாங்கினால் உயர்ந்த சரக்குதான் வாங்குவேன்.

"ஒங்களுக்கு நல்லது நடந்தாலும் சந்தேகந்தான்" என்றாள் சம்சாரம்.

ஒரு நாள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் வந்தார். "என்னய்யா, ஒன் லோரி தெனமும் நடு ரோட்டுல படுத்துக்குதாமே? மானேஜர் வேற லோரி பாக்கச் சொல்லிட்டாரு."

"யாரு சொன்னது?"

"ரோடே சொல்லுது."

மறுநாள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். திரும்பி வரும்போது அம்பாங் பெச்சா பக்கம் லோரி நின்றது. நான் ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கினேன். சொட்டு இறங்கினான். பானட்டைத் திறந்து வைத்தான். எழவு வீட்டு வாசலில் நிற்பவன்போல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். வடக்கே போகும் பெரிய மர லோரி ஒன்று வந்து நின்றது.

"என்னண்ணே, இன்னிக்கும் ரோசாக்கா? எஞ்சின் படுத்துடுச்சா?"

"ஆமா தம்பி. எங்க மொதலாளி கஞ்சன். ரிப்பேருக்குக் காசே அவுக்க மாட்டாரு. கலும்பாங் வரைக்கும் இழுத்து வுட்டுடு."

கட்டியது என் கயிறு!

புதருக்குப் பின்னாலிருந்து பாய்ந்தேன். "டேய், யாருடா கஞ்சன்?"

சொட்டு அசரவே இல்லை. "இவருதான் தம்பி" என்று என்னை அறிமுகம் செய்து வைத்தான்.

அன்றே அவனையும் லோரியையும் தோட்டத்துக்கு ஓட்டிப் போனேன். லோரி ஓடும் என்று காட்டியாக வேண்டும். மானேஜர் குலையை மலைபோல் ஏற்றச் சொல்லி, இருப்பதிலேயே செங்குத்தான மேட்டைக் காட்டினார். என் சோறே அந்த மேட்டில்தான் தொங்கியது. சொட்டு ஒரே மூச்சில் ஏற்றி நிறுத்தினான்.

"புது எஞ்சின் போட்டியா?" என்று மானேஜர் என்னைக் கேட்டார்.

திரும்பும் வழியில் தினமும் தூங்கிக்கொண்டே வந்த எஞ்சின் புதிதாக இல்லாமல் எப்படி இருக்கும்? கண்டிராக்ட் என்னிடமே நின்றது.

"டீசல் மட்டுமா மொதலாளி? எஞ்சினையும்தான் மிச்சம் புடிச்சிருக்கேன்" என்று மொட்டையைத் தடவிக்கொண்டான். வேலையை விட்டு விரட்ட வாயைத் திறந்தவன், டீ வாங்கிக் கொடுத்தேன்.

இன்று என்னிடம் வரிசையாக லோரிகள் நிற்கின்றன. எல்லாம் டீசலைத் தண்ணீராய்க் குடிக்கின்றன. சொட்டு போய்ச் சேர்ந்துவிட்டான். டீக்கடையில் இன்னும் அவன் கெட்டிக்காரத்தனத்தைத்தான் பேசுகிறார்கள். பேசட்டும். கயிறு நான் வாங்கியது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வரலாம். அந்தக் கயிற்றை அவன் மகன் வந்து கேட்டும் கொடுக்காமல், சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன்.