டிவியில் ஒரு முழங்கை

சைக்கிள் பந்தயம் கடைசி மலையை நெருங்கும் நேரத்தில் டிவி படுத்துவிட்டது. அவள் தலையில் ஓங்கி ஒன்று போட்டாள். டிவியின் தலையில்தான். இருந்த கோடுகளும் மறைந்து, பின்பக்கத்திலிருந்து புகை வந்தது.

"இன்னிக்குத்தானா உனக்குச் சாவு வரணும்?"

மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவள், வீட்டைப் பூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

அவள் கணவன் நாள்கணக்கில் நடக்கும் அந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறவன். ஜெயிக்கிறவன் அல்ல, ஜெயிக்கிறவனுக்கு உதவுகிறவன். அணித் தலைவனுக்கு முன்னால் போய்க் காற்றைத் தன் நெஞ்சில் வாங்குவான். பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் அடைத்துவந்து கொடுப்பான். காமிரா பக்கத்தில் வரும்போது அவன் வேலை முடிந்திருக்கும். மூச்சிரைக்க எங்கோ பின்னால் வந்துகொண்டிருப்பான்.

வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாத மனுஷன். டிவியிலாவது ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட மாட்டோமா என்று அவளுக்கு ஏக்கம். தினமும் எதிர்வீட்டு போனில் கூப்பிடுவான். நேற்று அதுவும் வரவில்லை. தலையணையின் மறுபக்கத்தைத் தடவிக்கொண்டே விடியவிட்டாள்.

"அக்கா, டிவியைப் போடுங்களேன். அவர் வருவார்."

துணி தேய்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா சிரித்தாள். "போன்ல குரல்தான் கேட்டிருக்கேன். நீ குடிவந்து ஆறு மாசமாச்சு, இந்தத் தெருவுல அவரை யாராவது பாத்திருக்காங்களா? நிஜமாவே இருக்காரா?"

"இன்னிக்கு நீங்களே பாருங்க!"

அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைக்காமலே டிவியைப் போட்டாள். 'டப்' என்றது. அந்த வரிசை முழுக்கக் கரண்ட் போனது.

வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து கத்தினார்கள். சமாளிப்பதற்காக அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க. என் வீட்டுக்காரர் டிவியில வரார். முனையில இருக்கிற சலூன்ல கரண்ட் இருக்கு, எல்லாரும் வாங்க!"

சொன்னதுதான் தாமதம், தெருவே கிளம்பிவிட்டது. ஒருத்தியாகப் பார்த்து ஒருத்தியாக ஏமாந்திருக்கலாம். இப்போது ஊரைக் கூட்டியாகிவிட்டது.

சலூன் டிவியில் வெறும் புள்ளிகள். சலூன்காரர், பாதி முகம் மழித்த வாடிக்கையாளரை நுரையோடு விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

"தெரியுதா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இல்ல!"

"இப்ப?"

"வந்துடுச்சு!"

"கையை எடுத்துட்டேன். இப்ப?"

"போச்சு!"

சற்று நேரத்தில் படம் கண்ணாடி மாதிரி நின்றது. சலூன்காரர் இறங்கிவந்து கத்தியை எடுத்தார். "ஆன்டெனாவைப் பிடிக்க மேல ஒருத்தரை நிறுத்திட்டு வந்திருக்கேன். இனிமே அசையாது."

மலைப்பாதையில் அவன் அணியின் நீலச் சட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"எங்கம்மா உன் வீட்டுக்காரர்?"

அவள் நீலச் சட்டை ஒவ்வொன்றாகத் தேடினாள். அப்போது படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை வந்தது.

"அதோ! அவர்தான்!"

"முழங்கையை வெச்சா கண்டுபிடிச்சே?" என்றார் நுரை மனிதர்.

"எத்தனை தடவை விழுந்து சிராய்ச்சுக்கிட்டு வந்திருக்கார், எத்தனை தடவை மருந்து போட்டிருக்கேன்! அந்தக் கை எனக்குத் தெரியாதா?"

எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள். முழங்கை நழுவிப் போய்விட்டது. கூட்டம் மரியாதைக்குக் கை தட்டியது. அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலைவன் ஜெயித்தான். வியர்வை சொட்டச் சொட்ட மைக்கைப் பிடித்தான்.

"இந்த வெற்றி என்னோடது இல்ல. நேத்து என் சக்கரம் உடைஞ்சப்ப, தன் சக்கரத்தைக் கழட்டிக் கொடுத்துட்டு ரோட்டுல நின்னான் என் கூட்டாளி. லேட்டா வந்தான்னு அவனைப் பந்தயத்துலேர்ந்தே நீக்கிட்டாங்க. ராத்திரியே ஊருக்கு பஸ் ஏறிட்டான். இப்ப வீட்டுல உக்காந்து இதைப் பாத்துக்கிட்டிருப்பான்."



"அப்ப அந்த முழங்கை?" என்றார் நுரை மனிதர்.

அவள் காதில் விழவில்லை. "ஐயோ, வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேனே!" என்று இடுப்பில் சாவியைத் தேடினாள்.

படம் லேசாக ஆடியது. சலூன்காரர் வாசலுக்குப் போய் அண்ணாந்து, "சார், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடிங்க!" என்று கத்திவிட்டுத் திரும்பினார்.

"நல்ல மனுஷன், பாவம். கையில பையோட மாடிக்கே ஏறி வந்து, வீடு பூட்டிக் கிடக்கு, என் சம்சாரத்தைப் பாத்தீங்களான்னு கேட்டார். சொல்றேன், முதல்ல இதைக் கொஞ்சம் பிடிங்கன்னேன். அப்பலேர்ந்து பிடிச்சுக்கிட்டே நிக்கிறார்."