குண்டன் இளைத்த காலை

குண்டன் இளைத்துவிட்டான்.

லேப் உதவியாளர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள், துடைத்துக்கொண்டாள், மறுபடியும் வைத்துப் பார்த்தாள். நேற்று மாலை வரை சாயம் ஏறி மஞ்சள் மஞ்சளாகப் பளபளத்த கொழுப்பு மணிகளில் ஒன்றைக்கூடக் காணோம். வெறும் செல்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் மொட்டு மாதிரி ஒரு குட்டி. பிள்ளை குட்டிகளோடு அவை சந்தோஷமாகத்தான் இருந்தன. அவள்தான் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

குண்டன் ஆள் இல்லை, ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே, அதே இனம். சாதாரண ஈஸ்ட், தீனி தீர்ந்து சும்மா கிடக்கும் காலத்தில் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். புதுத் தீனி வந்ததும் அந்தக் கொழுப்பை உடைத்துச் செலவழித்துக் குட்டி போடும். குண்டனிடம் கொழுப்பை உடைக்கும் நொதி கிடையாது. என்ன போட்டாலும் இளைக்க மாட்டான். இந்த லேபின் தலைவி பெரிய மேடம் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய பிறவி அவன். உலகத்தில் வேறெங்கும் இல்லை. அவனைப் பார்ப்பதற்கென்றே இன்று ஒரு விருந்தாளி கடல் தாண்டி வருகிறார்.

குண்டன் இருந்த குடுவையை அவளிடம் ஒப்படைத்தபோது பெரிய மேடம் சொன்னது கொஞ்சம்தான். "மூடியைத் தொறக்காதே. தீனி போடாதே."

அவளும் பொறுத்துப் பார்த்தாள். பெற்ற மனசு கேட்கவில்லை. வாரக்கணக்கில் ஒரு ஜீவனைப் பட்டினி போடுவதா என்று, நேற்று வீட்டுக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் சர்க்கரைக் கரைசல் ஊற்றிவிட்டாள். வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்த கை அது. கையோடு வந்த கடை ஈஸ்ட் உள்ளே விழுந்து, பெருகி, குண்டனை ஒழித்துக்கட்டியிருக்கிறது. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அவளுடைய வேலை நிரந்தரமா, இல்லையா என்பதை இந்த வாரம்தான் பெரிய மேடம் முடிவு செய்கிறார். வீட்டுக்காரர் கால் ஒடிந்து கட்டிலில் கிடக்கிறார். அவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கொழுப்பு மொத்தமும் கரைஞ்சுபோச்சுங்க!"

"நல்லதுதானே. எந்த டாக்டர்கிட்ட போன?"

"எனக்கில்லைங்க! குண்டனுக்கு!"

"ஓ, அவனுக்கா." மல்லாந்து படுத்திருக்கும் மனிதருக்கு ஊர் உலகத்துப் பிரச்சினைக்கெல்லாம் யோசனை கைவசம் உண்டு. "இதுக்குப் போய் அழுவாங்களா? எண்ணெய் ஊத்து. எண்ணெய் உள்ள போனா உடம்பு தானா ஊதும். என்னையே பாரேன்."

கேட்கக் கிறுக்குத்தனமாக இருந்தாலும், எண்ணெய் கிடைத்தால் ஈஸ்ட் அதை விழுங்கிக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும் என்று அவளே படித்திருக்கிறாள். அலமாரியில் எண்ணெய் பாட்டில் இருந்தது. நாலு சொட்டு விட நினைத்தாள். அவசரத்தில் பாதி பாட்டில் கவிழ்ந்தது. சீக்கிரம் கலக்கட்டும் என்று குலுக்கும் இயந்திரத்தில் வைத்து வேகத்தைக் கூட்டினாள். மூடி தெறித்தது. இயந்திரம், மேஜை, தரை எல்லாவற்றுக்கும் அபிஷேகம் ஆனது.

மிச்சத்தை நுண்ணோக்கியில் வைத்தால், பார்க்கும் இடமெல்லாம் ஒரே தங்கமயம். எது செல், எது எண்ணெய் என்றே தெரியவில்லை.

"என்ன தங்கச்சி, தரையெல்லாம் மினுமினுக்குது?" கண்ணாடிச் சாமான் கழுவும் அண்ணன் கூடையோடு வாசலில் நின்றார்.

"ஒண்ணுமில்லண்ணே!"

"எண்ணெய்க்குச் சோப்புதான் சரி" என்று சொல்லி, ஒரு சோப்புத் தண்ணீர் டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

தரைக்குத்தான் சொன்னார். பதற்றத்தில் அவள் அதைக் குடுவைக்குள்ளும் விட்டாள். எண்ணெய் விலகியது உண்மை. கூடவே உயிரும் விலகியது. இளைத்தவனாவது இருந்தான், இப்போது அவனும் இல்லை. தன்னை ஒரு கொலைகாரியாகவே நினைத்து அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய மேடம் உள்ளே வந்தார். செருப்பு வழுக்கி, மேஜையைப் பிடித்துச் சமாளித்தார். பிடித்த கையை மோந்து பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். பாதியான பாட்டிலைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இனிப் பின்வாங்க வழியில்லை. வெள்ளைக் கோட்டோடு மூலை ரொட்டிக் கடைக்கு ஓடினாள். மூச்சிரைக்க அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் ஒரு ஈஸ்ட் பாக்கெட்டை எடுத்து வைத்தார்.

"லேபுக்குத்தானே? இந்தாங்க."

எப்படித் தெரிந்தது என்று யோசிக்கும் நிலையிலா இருந்தாள்? திரும்பி ஓடிவந்து, கழுவிய குடுவையில் கரைத்து, சாயம் ஏற்றிப் பார்த்தாள். பாக்கெட்டுக்குள் பட்டினி கிடந்த ஈஸ்ட், செல்லுக்குச் செல் கொழுப்பு மணிகளோடு தகதகவென்று மின்னியது. போலிதான். ஆனால் குண்டு. யாரும் தீனி போடாத வரைக்கும் குண்டு.

விருந்தாளி கலகலப்பான மனிதர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும், "அடேயப்பா! என்னா கொழுப்பு இவனுக்கு!" என்று தொடையைத் தட்டினார். அவளுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"சரி, கொஞ்சம் தீனி போட்டு வைப்போம். சாப்பிட்டு, எல்லாரோடயும் பேசிட்டுச் சாயங்காலமா வந்து பாக்கலாம். தின்னும் இளைக்காம இருந்தாத்தானே இவன் குண்டன்!"

"வேண்டாம்!"

அலறிய குரல்கள் இரண்டு. ஒன்று அவளுடையது. இன்னொன்று பெரிய மேடத்துடையது.

"அடடா, ரெண்டு பேருக்கும் இவன்மேல என்ன பாசம்!" என்று சிரித்தபடி விருந்தாளி தன் கையாலேயே சர்க்கரைக் கரைசலை ஊற்றினார். ஊற்றிய ஒவ்வொரு சொட்டும் அவள் தலையில் விழுந்தது போலிருந்தது. வெளியே போகும்போது பெரிய மேடம் வாசலில் திரும்பி அவளைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கோபத்தில் மனிதர் இத்தனை வெளுத்து அவள் பார்த்ததில்லை.

பாத்திரம் கழுவும் அறைக்குப் போய், தொட்டி ஓரமாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? கோட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தபோது பையிலிருந்த ஈஸ்ட் பாக்கெட் கீழே விழுந்தது. அப்போதுதான் உள்ளே வந்த கழுவும் அண்ணன் குனிந்து எடுத்தார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் கொட்டினாள். "நான்தான் குண்டனைக் கொன்னுட்டேன்ணே. சோப்பு ஊத்திக் கொன்னுட்டேன். இப்ப அதுல இருக்கிறது மூலைக்கடை ஈஸ்ட். மேடம் எண்ணெயைப் பாத்துட்டாங்க, அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் விருந்தாளி முன்னாடியே என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

அண்ணன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.

"மேடம்தான் என்னை உங்கிட்ட அனுப்புனாங்க தங்கச்சி," என்றார் தாழ்ந்த குரலில். "அசல் குண்டன் செத்துப்போனதுல இருந்து அவங்களும் இந்த மூலைக்கடை பாக்கெட்டைத்தான் கரைச்சு வெச்சு ஓட்டுறாங்களாம், தீனி போட்டும் இது இளைக்காம இருக்கணும்னா எண்ணெய் எவ்வளவு ஊத்தணும்னு உன்னைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."