ஹார்பர் அண்ணன் பெண் கேட்ட பாஷை

மலேசியாவின் கோலா சாவா செம்பனைக் காட்டில் பனிமூட்டத்தையே அதட்டி விலக்கிய ஒரே மனிதர் எங்கள் ஹார்பர் அண்ணன்தான். விடியற்காலையில் அவருடைய லோரி கண்ணுக்குத் தெரியாது. "அய்ய, தள்ளிக்கோ நைனா" என்ற குரல் மட்டும் வெள்ளைப் பனிக்குள் மிதந்து வரும். மாடுகள் ஒதுங்கிவிடும். பிறகுதான் லோரி வரும்.

பிறந்தது இதே தோட்டத்தில்தான். இளவயதில் கப்பல் வேலைக்குப் போனார். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி மாதக்கணக்கில் நின்றது. ஆள் திரும்பி வந்துவிட்டார், நாக்கு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அந்தப் பாஷை பிறந்த கதையைக் கேட்டால் அன்றைக்கு நம் வேலை கெட்டது. துறைமுகத்தில் இறக்கிய மூட்டையெல்லாம் ஓட்டையாம். உருதுக்காரன் மூட்டையிலிருந்து 'நாஷ்டா' ஒழுகியதாம், டச்சுக்காரன் மூட்டையிலிருந்து 'துட்டு'. மூட்டை தூக்கியவர்கள் கூட்டி அள்ளிக்கொண்டதுதான் மெட்ராஸ் பாஷையாம். நாம் மலாயில் காசுக்குச் சொல்லும் 'டுயிட்'டும் அதே மூட்டைதான் என்று சத்தியம் செய்வார். கோயில் தலைவரையே 'நீ' போட்டுப் பேசிவிட்டு, "மரியாத வார்த்தைல இல்லப்பா, கொரல்ல கீது" என்று சமாதானம் வேறு.

இப்படிப்பட்டவருக்கு அறுபதை நெருங்கும்போது காதல் வந்தது. மம்பாவில் சாலையோரமாக ஒட்டுக்கடை நடத்தும் லெட்சுமி அக்கா, கணவரை இழந்தவர். கறாராகச் சொல்லிவிட்டார்.

"'இன்னாமே'ன்னு கூப்புட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்லா. நம்ம பேச்சுல மரியாதையா கேளுங்க, யோசிக்கிறேன்."

ஒரு வாரம் என் வீட்டு வாசலில் ஒத்திகை நடந்தது. "என்னங்க" என்று ஆரம்பிப்பார், வியர்த்துக் கொட்டும். நம் பேச்சில் மனிதர் பரம கூச்சக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது. தைரியம் முழுவதும் அந்த இரவல் பாஷையில்தான் இருந்திருக்கிறது.

மழை தூறிய ஒரு மாலை, துணைக்கு நானும் போனேன். ஆவி பறக்க அக்கா 'தே', அதாவது நம்மூர் டீ, ஆற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் "என்னங்க" என்றார். அவ்வளவுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு லோரியை நோக்கித் திரும்பி நடந்தார்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். எப்போது கற்றுக்கொண்டாரோ தெரியாது, மெட்ராஸ் பாஷை கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது.

"இன்னாய்யா, கேக்க வந்துட்டு கேக்காம போற? குந்து. டீ ஆறிப்பூடும்."

அண்ணன் உட்கார்ந்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன், மழையில் நனைந்த முகத்தில் சரியாகத் தெரியவில்லை.

இப்போது அந்தக் கடைக்குப் போனால் இரண்டு பேருமாக என்னை அதட்டுகிறார்கள். அதட்டு வாங்காத நாளில் வீடு வந்து சேர்ந்த மாதிரியே இருப்பதில்லை.