முழங்கைக் குழுவின் தீர்ப்பு

மனிதகுலம் பந்து எறியத் தொடங்கிய நாள்முதல் ஒருவர்கூட அதைச் சரியாக எறிந்ததில்லை என்று கண்டறிந்த பெருமை, ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் 'முழங்கைக் குழு'வையே சாரும். குழுவில் யாரும் பந்தைத் தொட்டதில்லை. ஆகவே பாரபட்சத்துக்கு இடமே இல்லை.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். அதில் பெயர்பெற்ற நம் நாயகருக்கு ஒரே ஒரு குறை: கோப்பையைக் கையால் தொட்டதில்லை. இந்த முறை அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, நிஜ ஆட்டக்காரர்களின் உருவங்கள் ஆடும் புதிய கேமுக்கு 'அச்சு அசல் எறிதல்' வேண்டுமென்று குழு அவரை அழைத்தது.

உடம்பெல்லாம் அசைவைப் பதிவுசெய்யும் சென்சார் ஒட்டிய கறுப்பு உடையில் நின்று, வழக்கம்போல வீசினார். பந்து சுவரில் வரைந்திருந்த வட்டத்தின் நட்டநடுவில் போய் இடித்தது.

குழுத் தலைவி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நிஜம் மாதிரியே இல்லை."

"நான்தானே மேடம் எறிஞ்சேன்?"

"அதான் சார் பிரச்சினையே. போன வருஷ கேம்ல நீங்க எவ்வளவு அழகா எறியறீங்க! முழங்கை காதுகிட்ட வரும். இங்க என்னடான்னா தொங்குது."

"எனக்கு அப்படித்தான் வரும்."

"பழகுங்க சார், வந்துடும்."

லேசில் மசிகிற ஆள் இல்லை அவர். ஆனால் வீட்டில், கேம் ஆடிக்கொண்டே மகளும் தலையாட்டினாள்.

"அவங்க சொல்றது சரிதான்ப்பா. கேம்ல இருக்கிற நீ, உன்னைவிட நல்லா எறியறே."

பெற்ற மகளே சொன்ன பிறகு மனிதர் நொறுங்கிப்போனார். கண்ணாடி முன் நின்று, முழங்கை காதை எட்டும்வரை பழகினார். "இப்போதுதான் நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள்" என்று குழு சான்றளித்தது.

இறுதிப் போட்டி வந்தது. கோப்பைக்கு ஒரே ஒரு எறிதல் பாக்கி. முழங்கை காதுக்குப் போனது, பந்து எதிரணிக்காரர் கைக்குப் போனது, கோப்பையும் அவரோடே போய்விட்டது. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து மனிதர் வாய்விட்டு அழுதார். பிறகு தலைவிக்கு போன் செய்தார்.

"நீங்க சொன்ன மாதிரிதானே மேடம் எறிஞ்சேன்?"

"பார்த்தேன் சார், அப்படியே கேம் மாதிரி! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஆனா ஒரு விஷயம். புது கேம்ல உங்களை மாற்று ஆட்டக்காரரா ஓரமா உக்கார வச்சிருக்கோம்."

"என்னையா? ஏன்?"

"என்ன சார் பண்றது? நிஜத்துல கோட்டை விட்டுட்டீங்களே. உள்ளதை உள்ளபடி காட்டணும்ல? நிஜத்தைத் திருத்த நாங்க யாரு சார்!"