ஒன்பது வருஷம் ஜெர்மனியில் உழைத்த ரம்பம்

பன்டாமா, குமாசி
ஞாயிறு, சர்ச் முடிந்து சாப்பாட்டுக்கு முன்

ஹாம்பர்க் நகரில் வசிக்கும் அன்பு மைத்துனர் பெடியாகோ அவர்களுக்கு, "ஆண்டவர் நேரமே நல்ல நேரம்" பிரேம் கடை உரிமையாளர் நியன்டாச்சி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா செர்வாவும் பிள்ளைகள் மூவரும் நலம். அங்கு நீயும் உன் மனைவி உர்சுலாவும் அவள் மடியை விட்டு இறங்காத அந்தப் பூனையும் நலமாக இருக்கக் கர்த்தர் அருள்வாராக. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நிற்க.

நீ பீப்பாயில் போட்டு அனுப்பிய மைட்டர் ரம்பம் வந்து சேர்ந்ததா இல்லையா என்று மூன்று முறை போனில் கேட்டாய், நான் மூன்று முறையும் லைன் சரியில்லை என்று சொன்னேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நடந்ததை எழுத்தில் சொன்னால்தான் நான் முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேசமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

வருகிற மாதம் உங்கம்மாவுக்கு எண்பது வயசு, நன்றி ஆராதனை, மாம்போங் ஊரே திரளப்போகிறது, அதில் வைக்க உங்கம்மா கென்டே துணி சுற்றி உட்கார்ந்த ஐந்தடி போட்டோ, அதற்கு ஒரு மகோகனி சட்டம் போடவேண்டும் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது என்னவென்றால் அந்த வேலையை உங்கம்மா எனக்குக் கொடுக்கும்போது சொன்ன வார்த்தை. எங்கள் கல்யாண போட்டோவுக்கு நான் என் கையாலேயே அடித்த சட்டம் அவர் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் தொங்குகிறதே, அதன் மூலையில் ஒரு சின்ன இடைவெளி, சின்னதுதான், அதில் சுண்டுவிரல் நகத்தை விட்டு ஆட்டிக்கொண்டே, "இந்தச் சந்துல ஒரு பல்லி குடித்தனம் நடத்துது, அதுக்கு இப்ப பேரன் பேத்தி எடுத்தாச்சு. என் போட்டோவுக்கு மூலையில நகம் மாட்டுச்சுன்னா, அப்படியே கழட்டி டாச்சிகிட்ட குடுத்துடுவேன், சபை முன்னாலயே சொல்லிடுவேன்" என்றார். டாச்சி யாரென்று உனக்கு மறந்திருந்தால், என் கடைக்கு எதிரே பிரேம் கடை வைத்திருக்கிறவன். அப்படி நடந்தால் நான் இருபத்திரண்டு வருஷமாக மாட்டிவைத்திருக்கிற போர்டைக் கழற்றிவிட்டு மூட்டை கட்டவேண்டியதுதான். போதாக்குறைக்கு அவர் பழைய பாட்டையும் பாடினார்: "சட்டம் படிச்ச மாப்பிள்ளை வேணும்னு ஜெபம் பண்ணினேன், சட்டம் அடிக்கிற ஆளு வந்து நின்னான்." இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதுண்டா? "ஏய் சட்டக்காரா"தான். அதனால்தான் மச்சான், கைரம்பத்தை நம்பாமல், கோணம் வைத்து அறுக்கிற மின்சார ரம்பம் ஒன்று, உங்கம்மா வீட்டு முற்றத்துக்கே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அனுப்பு என்று உன்னிடம் கெஞ்சினேன். முற்றத்துக்கு ஏன் என்கிறாயா? அவர் கண்ணெதிரில்தான் அறுக்கவேண்டுமாம். கடையில் அறுத்துக் கொண்டுவந்தால் மரத்தூளையும் பசையையும் அப்பி மறைத்துவிடுவேனாம். மறைத்திருப்பேன்தான், அது வேறு விஷயம்.

பீப்பாய் வந்தது. திறந்தோம். ஐயோ பெடியாகோ, அதை எப்படிச் சொல்வேன், அட்டைப்பெட்டி பிரிக்காமல், நுரைத் தக்கைக்குள்ளே, ஒரு கீறல் இல்லாமல், பளபளவென்று புத்தம்புதுசாக ஒரு மிஷின். தெருவே கூடிவந்து முகத்தைச் சுளித்தது. புதுசு! ஜெர்மனியில் இருந்து யாராவது புதுசு அனுப்புவானா? நல்ல சரக்கென்றால் அங்கே பத்து வருஷம் ஓடி, கை பட்டுத் தேய்ந்து வரும். நம்மூரில் பழகினால் அது பழசு, ஜெர்மனியில் பழகினால் அது தரம், இது குழந்தைக்கும் தெரியும். புதுசாக வருவதெல்லாம் எங்கேயோ செய்து எங்கேயோ பெயர் ஒட்டினது. தையல்கார அம்போஃபோ பெட்டியில் எழுதின பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்து, "பிராக்கர்னு சரியாத்தான் போட்டிருக்கான். அதான் சந்தேகமா இருக்கு" என்றார். வேன் ஓட்டுகிற க்வார்ட்டெங் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு லேசா? அசல் பிராக்கர்னா இடுப்பு பிடிச்சுக்கும்" என்றான். நான், "யோவ், தூக்கிட்டுப் போற மிஷின் லேசாத்தானே இருக்கணும்?" என்றேன். "அதைச் சொல்லித்தானே ஏமாத்துறான்!" என்றான். ஃபுஃபு களி விற்கிற அச்சா குனிந்து முகர்ந்துவிட்டு, "பிளாஸ்டிக் வாசம் தூக்குது, மரம் அறுத்த மிஷின்ல மர வாசம்ல அடிக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னாள். உள்ளே இருந்த புத்தகம் பதினோரு பாஷையில் இருந்தது, அதில்தான் எனக்கே முழுச் சந்தேகம் வந்தது. அசல் ஜெர்மன்காரன் எதற்கு இத்தனை பேரிடம் விளக்கம் சொல்லவேண்டும்? பிளக்கைச் சொருகிப் பார்த்திருக்கலாமே என்று நீ கேட்பாய். சொருகினால் அது நம்மூர்ப் பழசாகிவிடும், அப்புறம் மாற்ற முடியாது. உன்னை ஹாம்பர்க்கில் யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று நானும் உன் அக்காவும் அன்றைக்கு உனக்காக ரொம்ப வருத்தப்பட்டோம்.

சுவாமே பக்கத்தில் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" கருவிக்கடை ஃபோசுவிடம் கொண்டுபோனேன். அந்த மனுஷன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார், சாவு வீட்டில் முகத்தை மூடுகிற மாதிரி. "அண்ணே, இது இன்னும் பரீட்சையே எழுதாத பய. எண்பது வயசு அம்மா போட்டோவை இவன் கையில குடுப்பீங்களா?" என்றார். "உங்க நேரம், இதே பிராக்கர், இதே சைஸு, கிளாவுஸ்னு ஒரு தச்சர் ஒன்பது வருஷம் ஜெர்மனியில ஓட்டினது டெமா துறைமுகத்துல இறங்குது. பிரியும்போது அந்த ஆளு அழுதானாம். இதையும் குடுத்து மேல ஒரு ஆட்டுக்கிடாவும் குடுங்க, ஏழு நாள்ல வாங்கிக்கலாம்." கொடுத்தேன். கிடாவையும்தான் கொடுத்தேன். மனசாரக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் அந்த மிஷினைப் பார்த்தேன் பெடியாகோ, எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கைப்பிடியில் விரல் பட்ட இடமெல்லாம் தேய்ந்து வழவழவென்று. அடித்தகட்டில் வெள்ளைப் பெயின்ட் சொட்டு மூன்று. ஒரு மூலையில் எங்கேயோ மோதின வடு. ஒயருக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, அந்தச் சுற்றில்கூட ஒரு ஒழுங்கு! அச்சா முகர்ந்து பார்த்து, "ஆங், இது உழைச்ச வாசம்" என்றாள். தூக்கிப் பார்த்த க்வார்ட்டெங் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அம்போஃபோ தொப்பியைக் கழற்றினார். நான் கிளாவுஸை நினைத்துக்கொண்டேன், இந்த வடுவுக்கு அவர் என்ன திட்டியிருப்பார் என்று. நீ நம்பமாட்டாய், அன்றைய ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

போன வியாழன் நானும் உன் அக்காவும் மிஷினோடு மாம்போங் வேனில் ஏறினோம். மடியில் வைத்தால் முட்டி போகும் என்று சீட்டில் வைத்தேன். நடத்துநர் வந்து, "பெரியவரே, இவரு யாரு?" என்றான். "மிஷின்." "உக்காந்துதானே வராரு? டிக்கெட் எடுங்க." எடுத்தேன். உங்கம்மா முற்றத்தில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் போதகர், சுற்றிலும் உறவுக்காரர்கள், இவர்களையெல்லாம் யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. ஜெர்மன் பிளக்குக்கு ரெண்டு கால், நம்ம சுவருக்கு மூணு ஓட்டை, மேல் ஓட்டையில் தீக்குச்சியை விட்டுத்தான் சொருகினேன், போதகர் கண்ணை மூடிக்கொண்டார். மிஷினின் மேசைத் தட்டைத் திருப்பினேன், நாற்பத்தைந்து டிகிரிக்கு வந்ததும் டக்கென்று தானே நின்றது பார், நான் நிறுத்தவில்லை, அதுவே நின்றது! இருபத்திரண்டு வருஷம் பென்சிலை வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் நான் தேடின இடம் அது. பொத்தானை அழுத்தினேன். ஆட்டுக்குட்டிகள் ஓடின, சித்தப்பா ஒருவரும் ஓடினார். பிளேடு இறங்கினது, மகோகனி ஒரு முனகல்கூட இல்லாமல் பிளந்தது. எதிர்த்துண்டையும் அறுத்து ரெண்டையும் மூலையோடு மூலை சேர்த்தேன். மச்சான், கோட்டைக் காணோம். சத்தியமாகச் சொல்கிறேன், ரெண்டு மரம் எங்கே சேர்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கையை எடுக்க மனசில்லை, மண்டி போட்டபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மிஷின் என்றால் என்னவென்று ஊரெல்லாம் அடித்துக்கொள்கிறதே, கனமா லேசா, மஞ்சளா சிவப்பா என்று, எல்லாம் சும்மா; மூலையில் கோடு தெரியாமல் போகிறதா, அவ்வளவுதான்.

உங்கம்மா எழுந்து வந்தார். சுண்டுவிரல் நகத்தை வைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடி இழுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இடது கை நகத்தாலும் இழுத்தார். அப்புறம் போதகரைப் பார்த்துத் திரும்பி, சாதாரணமாக, உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரி, "என் மாப்பிள்ளை செஞ்சது" என்றார். நான் தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையல்கட்டுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பி வருகிற வழியில் உன் அக்கா கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளி அட்டை எழுதுகிறவள், எண்ணைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது, உன் புது மிஷினை ஃபோசுவிடம் கொடுக்கும் முன்னே அடியில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துவைத்திருக்கிறாள். மிஷினைக் கவிழ்த்துக் காட்டினாள். அதே எண். அதே மிஷின். "அப்பவே தெரியும். நீ பயமில்லாம அறுக்கணும்னு சும்மா இருந்தேன்" என்றாள். எனக்குக் கோபம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. ஏழு நாளில் அதற்கு ஒன்பது வருஷம் ஏற்றின ஃபோசுவின் கையை நினைத்தால் வியப்புத்தான் வந்தது. அந்தப் பெயின்ட் சொட்டு! அடியில் ரெண்டு கிலோ ஈயம் வேறு வைத்திருக்கிறார், க்வார்ட்டெங்குக்காகவே வைத்த மாதிரி. மறுநாள் போய் ஃபோசுவிடம் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, மிஷின் நல்லா அறுத்துச்சா இல்லையா?" என்றார். அறுத்தது. "உங்களுக்கு நம்பிக்கை இல்லாம இருந்துச்சு. அதைத்தான் வித்தேன்" என்றார். நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே பெடியாகோ, உன்னைத் தப்பாக நினைத்ததற்கு மன்னித்துவிடு. புதுசு அனுப்பினாய், மனசார அனுப்பினாய். அடுத்த பீப்பாயில் ஒரு உபரி பிளேடும், தூள் விழுகிற துணிப்பையும் அனுப்பு, அவற்றையும் புதுசாகவே அனுப்பு. உனக்கு நீண்ட ஆயுளும், உர்சுலாவுக்குச் சுகமும், உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாத கடன்காரனும் அமையட்டும் என்று வேண்டுகிறேன். பிள்ளைகள் உனக்குக் கைகூப்புகிறார்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா கணவன்,
நியன்டாச்சி

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு, பிளேடும் வேண்டாம் பையும் வேண்டாம். உன் அக்கா இப்போதுதான் அம்மாவுக்குப் போன் போட்டு, மிஷின் தம்பி அனுப்பினதுதான், புதுசாக அனுப்பினான் என்று பெருமையாக உளறிவிட்டாள். உங்கம்மா ஊரெல்லாம், "என் மகன் ஹாம்பர்க்ல இருந்தே எனக்குச் சட்டம் போட்டுட்டான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆராதனைப் புத்தகத்தில் "சட்டம்: அன்பு மகன் பெடியாகோ" என்று புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும், அதனால் இதை நாளை விமானம் ஏறுகிற டீக்கன் மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு அம்மாவுக்குப் போன் போட்டு, நீ அனுப்பின மிஷின் துறைமுகத்திலேயே காணாமல் போய்விட்டது, இது வேறு மிஷின் என்று சொல்லு. என் மிஷின் முகத்தைப் பார்த்தால் யாரும் புதுசு என்று சொல்லமாட்டார்கள். மச்சான், உன்னை நீ பிறந்த நாள்லேர்ந்து அவங்க மகனே மகனேன்னுதான் கூப்பிடுறாங்க. எனக்கு இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு மாப்பிள்ளைதான் கிடைச்சுது. அதை மட்டும் எனக்கு விட்டுக்குடுத்துடுப்பா.